வேர்க்கடலைப் பை

மக்கேனியிலிருந்து லுன்சாருக்குப் போகிற சாலையில்
வேகத்தடைக்குப் பக்கத்தில் என் கடை.
கடையென்றால் ஒரு பேசின், ஒரு முக்காலி,
அவித்த வேர்க்கடலை, தண்ணீர்ப் பாக்கெட்.
வண்டிகள் இங்கே மூச்சு வாங்கும்,
அப்படியே கடலையும் வாங்கும்.

அந்த பைக் டாக்சி இரண்டும் வாங்கவில்லை.

லாரியின் பின்பலகை. தகரம் கிழிகிற சத்தம்.
ஒற்றைச் செருப்பு பறந்து வந்து
என் கடலைக்குள் விழுந்தது.

சாந்திகி. தெரிந்த பையன்தான்,
எனக்கு இரண்டு லியோன் பாக்கி.
தொடையிலிருந்து இரத்தம்
விட்டுவிட்டுத் துள்ளியது.
ஓடினேன்.
கால் ஓடியது, கை ஓடவில்லை.
அவன் பக்கத்தில் மண்டியிட்டேன்,
தொடவில்லை.

எல்லாரும் பார்த்தது அதைத்தான்.

என் கையை நான் பார்த்தேன்.
உப்புத் தண்ணீரில் ஊறிய வெடிப்புகள்,
காலையில் கத்தி பட்ட கட்டைவிரல்,
இன்னும் வாய் மூடாத காயம்.
"சாந்திகி, உன் கையை வை.
அங்கே. இன்னும் மேலே. அழுத்து.
உன் இரத்தம் உன்னை ஒன்றும் செய்யாது."
அவன் அழுத்தினான்.
நான் எழுந்து பை எடுக்கப் போனேன்.

"பிள்ளை சாகிறான், இவளுக்குப் பை வேண்டுமாம்!"
மீன் விற்கிற கும்பாவின் குரல்
பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

கும்பா இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான்.
இசட்டாவை அவளுக்குத் தெரியாது.
தொடாதே தொடாதே என்று
வானொலி நாள் முழுக்கச் சொன்ன அந்த வருஷம்
அடுத்த வீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
என் அக்கா வெறுங்கையால் வாரி எடுத்தாள்.
பதினோராம் நாள்
கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.
தண்ணீர் கேட்டாள்.
பாக்கெட் ஒன்றை வீசினேன்.
சரியாக மடியில்தான் விழுந்தது.
அதன் மூலையைக் கடித்துத் திறக்க
அவள் பல்லில் வலு இல்லை.

குழந்தை பிழைத்தது. அதையும் சொல்ல வேண்டும்.
இப்போது ஒன்பதாம் வகுப்பு.
என்னிடம்தான் கடலை வாங்குகிறாள்,
காசு வாங்க மறந்துபோகிறது எனக்கு.

கைக்கு இரண்டு பை, மணிக்கட்டில் முடிச்சு.
முடிச்சைப் பல்லால் இழுத்தேன்.
எட்டு நொடியா, பத்தா,
கும்பாவைக் கேட்டால் அரை நாள் என்பாள்.
பிறகு லாப்பாவை மடித்து வைத்து
என் முழு எடையையும் அதன்மேல் போட்டேன்.
நனைந்ததும் எடுக்கவில்லை,
அதன்மேல் இன்னொன்று.
அவன் இருமியபோது முகத்தைத் திருப்பினேன்.
அழுகிறாள் என்றார் ஒருவர்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பைக்குள் என் வேர்வையும்
பைக்கு வெளியே அவன் சூடும்,
நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிசு.
அந்த மெல்லிசு இருந்ததால்தான்
அத்தனை அழுத்த முடிந்தது.
வெறுங்கை என்றால் நடுங்கியிருக்கும்.

ஆட்டோ ஒன்று அவனை ஏற்றிக்கொண்டது.
பைகளை உள்வெளியாகப் புரட்டி
ஒன்றுக்குள் ஒன்றாய் உரித்துக் கீழே போட்டேன்,
பிறகு எரிக்க.

சாலை நடுவே கைகளை நீட்டியபடி நின்றேன்.
எதையும் தொடக்கூடாது,
என் பேசினை, என் மூக்கை, யாரையும்.
அப்போது கும்பா வந்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
என் தண்ணீர்ப் பாக்கெட்டை எடுத்து
மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு
ஊற்றினாள்.
இன்னொன்றைக் கடித்தாள். ஊற்றினாள்.
மீன் வாடை அடிக்கிற தன் சோப்பைக்
காகிதத்தோடு நீட்டினாள்.
பதினான்கு பாக்கெட்.

நான் அவனைக் கைகழுவிவிட்டதாக
லுன்சார் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது.
இருக்கட்டும்.
கைதான் கழுவினேன்.

தையல் போட்டிருக்கிறார்களாம், நடக்க நாளாகுமாம்.
வரும்போது கேட்க வேண்டும்:
இரண்டு லியோன், பதினான்கு தண்ணீர்,
செருப்பு விழுந்து வீணான
ஒரு பேசின் கடலை.
செருப்பு என்னிடம்தான் இருக்கிறது.