பிழை திருத்தப்பட்டது

சனிக்கிழமை. மார்ச் இருபத்தொன்பது, ஐம்பத்திரண்டு.
ஸ்கிப்டன், புனித ஆஸ்வால்ட் ஆலயம்.
தவக்காலத்தில் கல்யாணமா என்று முணுமுணுத்த குருவானவர்
பீடத்தில் பூ வைக்க மறுத்துவிட்டார்.
ஏப்ரல் ஐந்துக்குள் மோதிரம் போட்டால்
வருஷம் முழுமைக்கும் வரிச்சலுகை.
வடக்கு இங்கிலாந்தில் அந்த மாதம்
காதல் கணக்குப்பிள்ளையின் பேச்சைக் கேட்டது.

மாப்பிள்ளை கிளிஃபர்ட்,
கால்வாய்ப் படகில் நிலக்கரி இறக்குகிறவர்.
மணப்பெண் பெரில்,
அறுந்த நூலை மில் நிற்காமல் முடிச்சிடத் தெரிந்தவள்.
கேக் மூன்றடுக்கு. மேலிரண்டும் அட்டை,
பேக்கரியில் வாடகைக்கு எடுத்தது.
பதினோரு வீட்டு ரேஷன் சர்க்கரை
கீழடுக்கில் மட்டும்.

இதெல்லாம் சொல்லக் கேட்டது.
என் மாமியார் போன பிறகு
வங்கிக்காரன் கேட்ட கல்யாணச் சான்றிதழில்
ஒரு கட்டத்தில் வெறும் கோடு.
ஏன் என்று பார்க்கத்தான் ஆவணக் காப்பகத்துக்கு வந்தேன்.
பென்சிலுக்கு மட்டுமே அனுமதி.
பழைய பதிவேட்டை நுரைத் தலையணைமேல்
படுக்கவைத்திருக்கிறார்கள், நோயாளியைப் போல.

தகப்பன் பெயர், தகப்பன் தொழில்.
தாய்க்கு அன்று கட்டமே கிடையாது.
கிளிஃபர்டின் வரியில் அவர் அப்பா இருக்கிறார்,
மதகு காப்பவர், சாய்ந்த எழுத்தில்.
பெரிலின் வரியில்
'வால்ட்டர்' என்று தொடங்கிய முதல் எழுத்து,
இரண்டாவதில் பாதி,
பேனா நின்ற இடத்தில் ஒரு மைப்பொட்டு,
எல்லாவற்றின் மேலும் கோடு.
ஓரத்தில் பொடியாக: பிழை திருத்தப்பட்டது.
அதன்கீழ் குருவானவரின் இரண்டு இனிஷியல்.

அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார்.
வால்ட்டர் தாக்ரேயைத் தெரியாதவர் உண்டா,
மில் மேஸ்திரி, ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு எடுப்பவர்,
சற்று முன்னர்தான் பெண்ணின் கைபிடித்து
நடுவழியே நடந்து வந்தவர்.
தானாகவே எழுதத் தொடங்கியிருப்பார்.
வெஸ்ட்ரியின் குளிரில் பெரில் சொல்லியிருக்க வேண்டும்:
"அவர் இல்லை. கோடு போடுங்கள்."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது.
பிறப்புச் சீட்டைத் தேடிப்போய்
எந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாளோ.
தடை அறிந்தவர் சொல்லலாம் என்று
மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்,
ஒருவரும் எழவில்லை.
நாசரேத்தில் எங்கள் சபையிலும் அப்படித்தான்,
ஊரே அறிந்ததைச் சொல்ல யாரும் எழுந்திருப்பதில்லை.

சாட்சிக் கையெழுத்து: ஹில்டா தாக்ரே.
பெரிலின் அக்கா.
பதினேழு வயது மூத்த அக்கா.
எழுத்து நடுங்கவில்லை. ஆனால்
கடைசி எழுத்தில் நிப்பு தாளைக் கிழித்திருக்கிறது.

நான் ஞா. கிருபாவதி.
இந்த நாட்டில் இறங்கியபோது
அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள்.
விரித்தது என் குடும்பப் பெயராயிற்று.
மருத்துவமனை வரிசையில் "ஞானமுத்து" என்று கூப்பிடும்போதெல்லாம்
திரும்பிப் பார்ப்பேன்,
அப்பா எப்போது வந்தார் என்று.

ஒருமுறை பெரில் கேட்டார்:
"அப்பன் யாரென்று தெரியாவிட்டால்
உங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் என்ன போடுவார்கள்?"
சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.
"அம்மாவின் எழுத்தை" என்றேன், யோசிக்காமல்.
உண்மையில் எங்கள் ஊரில்
அவ்வளவு லேசாகப் போட்டுவிடமாட்டார்கள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கழுவிய கரண்டியையே
மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

காப்பகம் மூட இன்னும் கால்மணி நேரம்.
என் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிப் பார்க்கிறேன்:
ஹி. பெரில்.
அழிக்கவில்லை.

அன்று விருந்தில் வால்ட்டர்தான் எழுந்து பேசினாராம்,
"என் மகள்" என்று நான்கு தடவை.
எல்லோரும் கைதட்டினார்களாம்.
கேக் வெட்டும்போது மட்டும்
ஹில்டா பக்கத்தில் வந்து
பெரிலின் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினாளாம்:
அங்கே வேண்டாம், அது அட்டை,
இங்கே வெட்டு.