பொம்மையை நீங்கள் என்று அழைக்கவும்

ஜனவரி. செவ்வாய், ஏழே கால்.
பாசலில் இன்னும் விடியவில்லை.
நிலவறையில், சலவைக் கூடத்துக்கு அடுத்த அறையில்
கட்டிலில் கிடக்கிறார் திரு. கெஸ்லர்.
வயது அறுபத்து மூன்று. நுரையீரல் அழற்சி.
விலை, ஒரு நல்ல காரின் விலை.
மார்பு ஏறி இறங்கும், கண்மணி சுருங்கும்,
வியர்வை மட்டும் தானாக வராது.
செடிக்குத் தெளிக்கும் புட்டியால்
அதை நெற்றியில் அடித்துவிட்டு
கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காருகிறேன்.
இங்கிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவார்கள்.
அங்கிருந்து பார்த்தால்
அவர்களுக்கு அவர்களே.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், நான்கு பேர்.
லடீனா, பெசார்ட், கூந்தலை இறுக்கிக் கட்டிய யோலான்ட்,
தன் பெயரைச் சொல்லும்போதே
மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்கும் செவெரின்.
நோயாளியை நீங்கள் என்றுதான் அழைக்க வேண்டும்,
ரப்பராக இருந்தாலும், என்றேன்.
சிரித்தார்கள். எல்லா ஆண்டும் சிரிப்பார்கள்.

ஒரு விரல் போதும்.
ஆக்ஸிஜன் தொண்ணூற்று நான்கு. தொண்ணூறு. எண்பத்தேழு.
எண் இறங்க இறங்க
மானிட்டரின் சுருதியும் இறங்கும்.
எமனுக்காவது எருமை ஏறி வரும் சிரமம் இருந்தது.
எனக்குச் சுழல் நாற்காலி,
ஆறிப்போன காப்பி.

நான்கு பேரும் திரையைப் பார்க்கிறார்கள்.
கெஸ்லரை ஒருவரும் பார்க்கவில்லை.
ஒலிவாங்கியை அழுத்தி
"மூச்சு முட்டுகிறது" என்கிறேன் அவருக்காக.
முப்பத்தெட்டு ஆண்டு பாசலில் தபால் கொடுத்தவர்
யாழ்ப்பாண நாக்கில் ஜெர்மன் பேசுவதை
இதுவரை எவரும் குறை சொன்னதில்லை.

உதவிக்கு அழைக்காவிட்டால்
ஒன்பதாம் நிமிடம் இதயம் நிற்கும்.
அப்படி எழுதியவள் நான்.

ஏழாம் நிமிடம்.
லடீனா குழாயின் அளவைத் தேடுகிறாள்.
பெசார்ட் மருந்தை இரண்டாம் முறை கணக்கிடுகிறான்,
முதல் முறையே சரி.
யோலான்ட் தொலைபேசியைப் பார்க்கிறாள்,
பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
ஒன்றும் செய்யத் தோன்றாத செவெரின்
குனிந்து அந்த ஈர நெற்றியில் கை வைக்கிறான்.
வாலிஸ் மலைப் பேச்சில் ஏதோ சொல்கிறான்.
பாதிதான் எனக்குப் புரியும்.
புரிந்த பாதி என் காதில்
"பயப்பிடாத, நான் இஞ்சதான் நிக்கிறன்"
என்று விழுந்தது.
நீங்கள் அல்ல. நீ.

நேற்றிரவு மூன்றாம் மாடியில்
பதினோராம் கட்டிலில் ஒருவர்.
எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம்,
நேரம் குறித்து, கையொப்பமிட்டு.
அவர் நெற்றியை யாராவது தொட்டோமா
என்று இப்போது யோசிக்கிறேன்.
நான் தொடவில்லை.

ஒன்பது.
விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.
பத்து.
எண்பத்தொன்றில் ஆணியடித்தாற்போல் நிற்கிறது எண்.
எந்த நுரையீரலும் அப்படி நிற்பதில்லை.
பதினோராம் நிமிடம் யோலான்ட் அழைத்தாள்.
அந்தத் தொலைபேசி என் மேசையில்தான் ஒலிக்கும்.
தொண்டையைச் செருமி, வேறொரு ஆளாகி,
"தீவிர சிகிச்சைப் பிரிவு, சொல்லுங்கள்" என்றேன்.

பிறகு வட்டமாக உட்கார்ந்தோம்.
என் தாளில் இருபத்திரண்டு கட்டங்கள்.
மூன்றாம் நிமிடம் அழைத்திருக்க வேண்டும்,
மேலே என்றால் ஆள் போயிருப்பார், என்றேன்.
அதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.
"நான் நீ என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்,"
என்றான் செவெரின்.
கேட்டது, என்றேன்.
அதற்கு மேல் சொல்ல ஏதோ இருந்தது,
ஜெர்மனில் வரவில்லை. தமிழிலும்தான்.

அப்புறம் பெசார்ட்,
எதையும் விடாத பெசார்ட், கேட்டான்:
"அவர் ஏன் இறக்கவில்லை?"

கணினி கொஞ்சம் தாமதம், என்றேன்.

எட்டரைக்கு அடுத்த குழு.
கெஸ்லரின் நெற்றியைத் துடைத்தேன்.
எப்போதும் காகிதத் துணியால் துடைப்பேன்,
இன்றைக்குக் கையால்.
புட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது.