மைனஸ் இரண்டு

ஜெனோவாவில், எட்டாம் மாடிச் சன்னலிலிருந்து
ஒரு மண்தொட்டி விழுந்தது.
உள்ளே திருநீற்றுப்பச்சை,
ஈரமண்ணோடு நாலு கிலோ.
விழுந்ததா, எறியப்பட்டதா?
நீதிமன்றம் என்னை அழைத்தது
அதைச் சொல்லத்தான்.

இரண்டு பேர் கைநீட்டினால்
அடைபட்டுப் போகும் சந்து.
வில்மெர் கிஷ்பே, ஈக்வடார்க்காரன்,
முதுகில் உணவுப்பெட்டியோடு
அழைப்புமணிகளில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தான்.
தோளெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது.
பெட்டிக்குள் சூப் சிந்தவில்லை என்று
போலீஸ் குறிப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.
ஏன் எழுதினார்களோ.

மருந்துக்கடைக் கேமராவில்
ஆறே ஆறு படங்கள்.
ஆறிலும் ஒரு பழுப்புக் கோடு,
முந்தையதைவிட ஒரு நூல் நீளமாக.
ஸ்கேலை வைத்து அளந்தேன்,
மறுபடி அளந்தேன்.
சும்மா நழுவிய தொட்டிக்கு
இவ்வளவு வேகம் இருக்கக் கூடாது.
நொடிக்கு அரை மீட்டர் அதிகம்.
வழக்கு முழுவதும்
அந்த அரை மீட்டரில் தொங்கியது.

காற்றின் தடையைச் சேர்த்துப் போட்டேன்,
நீதிபதிக்காக எடுத்துவிட்டேன்.
தசமங்களையும் கொஞ்சம் தேய்த்தேன்.
கடைசியில் பலகையில் மிஞ்சியது இவ்வளவுதான்:
நேரத்தின் வர்க்கம்,
அதில் நேரத்தைக் கழி,
ஆறையும் கழி,
பூச்சியம் வரவேண்டும்.

மூன்று. மைனஸ் இரண்டு.

மூன்று நொடியில் தரை.
நடுவில் இருக்கிறதே, அந்தக் கழிக்கிற நேரம்,
அதுதான் வம்பு.
தொட்டி முதலில் மேலே போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.
ஒன்றேகால் மீட்டர் எழும்பி,
அரை நொடியில் உச்சியில் தயங்கி,
பிறகுதான் கவிழ்ந்து இறங்கியது.

"கை தவறிய பொருள் மேலே போகுமா?"
அரசு வக்கீல் என்னைப் பார்க்காமல் கேட்டார்.
போகாது என்றேன்.

எத்தோரே பரோதி எழுந்து நின்றார்.
துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர்,
இரும்புப் பெட்டிகளைக் கப்பலில்
முட்டை வைப்பதுபோல் இறக்கியவர்.
கடற்புறா வந்து உட்கார்ந்தது, தொட்டி சாய்ந்தது,
பிடிக்கத்தான் போனேன் என்றார்.
இரண்டு உள்ளங்கைகளையும் வெறும் காற்றுக்குக் கீழே கொடுத்து
விசுக்கென்று தூக்கிக் காட்டினார்.
"இப்படித் தட்டுப்பட்டது. துள்ளிவிட்டது."

என் சமன்பாட்டை நான் மறுபடி பார்த்தேன்.
பிடிக்கப் போன கைக்கும் எறியப் போன கைக்கும்
அதில் ஒரே எண்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்த இன்னொரு விடை?"
தள்ளிவிடுவோம், அம்மா. தொட்டி கிளம்புவதற்கு முந்தைய நேரம் அது.
"இருந்தாலும் ஏதாவது சொல்லுமே?"
கணக்குக்குச் சன்னல் தெரியாது.
தொட்டி தெருவிலிருந்தே புறப்பட்டதாக அது நினைக்கிறது.
இரண்டு நொடி முன்னால்
கல் பாவிய தரையிலிருந்து தானாக எழும்பி,
ஒவ்வொரு மாடியாக ஏறி,
சன்னலைத் தாண்டி,
திரும்புகிறது.
விடையை மூலம் என்று சொல்கிறோம்,
ஆனால் இதில் மூலம் எதுவும் இல்லை.
யாரோ சிரித்தார்கள்.
தோளில் கட்டோடு இருந்தவன் சிரிக்கவில்லை.

தாழ்வாரத்தில், காபி இயந்திரத்தின் அருகே வந்து கேட்டான்:
"எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது?"
மூன்று நொடி.
யோசித்தான்.
"மூன்று பெயர் வாசித்திருந்தேன்.
பெரெத்தோ. கஸ்தான்யோலா. மூன்றாவது அழிந்துபோயிருந்தது."
காசு போட்டான். இடது கை பழகவில்லை,
ஒன்று கீழே உருண்டது,
நான் எடுத்துக் கொடுத்தேன்.
"மைனஸ் இரண்டில்
சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.
பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
அன்றைக்கு
ஒரே திருகில் விழுந்தது."

தீர்ப்பு வர இன்னும் மூன்று வாரம்.
என் அறிக்கை பதினோரு பக்கம், கையெழுத்தோடு.
கை தவறியது என்றும் அதில் இல்லை,
தவறவில்லை என்றும் இல்லை.

சனிக்கிழமை சந்தையில்
திருநீற்றுப்பச்சைத் தொட்டி ஒன்று வாங்கினேன்.
சன்னலோரம் நல்ல வெயில்.
சமையலறைத் தரையில் வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும்
குனிந்துதான் கிள்ள வேண்டியிருக்கிறது.