உறுதிசெய்யப் பெயரை உள்ளிடவும்

ஆளில்லா இயந்திரங்கள் நூற்றுப் பதினேழு என்று
ஹென்ரிகே பட்டியல் அனுப்பியிருந்தாள்.
திங்களுக்குள் யாரும் கைதூக்காவிட்டால் அழித்துவிடலாம்.
ஞாயிறு இரவுப் பணி எனக்கு.
ஃபிராங்க்ஃபுர்ட், ஹனாவர் சாலை;
பதினொன்றாம் எண் டிராம் கடைசி நடை போய்விட்டது.

முதல் நூறு பெயர்கள் பெயர்களே அல்ல.
பி ஆர் டி, ஒரு கோடு, எஃப் ஆர் ஏ, ஒரு கோடு,
மூன்று சுழி, ஒரு ஏழு.
வாய்விட்டுப் படித்தால் பல் கூசும்.
அப்படித்தான் வைக்கவேண்டும் என்று விதி.
விதி எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.
பெயரைப் பார்த்தால் வேலை தெரியவேண்டும்,
ஊர் தெரியவேண்டும் என்று எழுதினோம்.
செத்தால் யாருக்கும் உறைக்கக்கூடாது என்பதை
எழுதவில்லை, காபி மெஷின் பக்கத்தில் பேசிக்கொண்டோம்.

அதற்கு முன்னால் ஆளுக்கொரு வழக்கம்.
டோர்பென் பாலாடைக்கட்டிகளின் பெயர் வைப்பான்.
எமென்டாலர் படுத்துவிட்டது என்று
ஒரு வங்கிக்காரரிடம் போனில் சொல்ல நேர்ந்த அன்று
அதற்கு ஒரு முடிவு வந்தது.

நூற்று நான்காவது வரிசையில் நின்றேன்.
குறிப்புப் பத்தியில் யாரோ கேட்டிருந்தார்கள்:
இது எதன் சுருக்கம்?
கீழே ஒருவர்: உலான்பாத்தர் கிளையோ?
அதற்கும் கீழே:
பழைய குதிரைப்படைப் பெயர் மாதிரி இருக்கிறது.

உழவாரன்.
நான் வைத்தது.

ஆறு வருடம் முன்பு, மே முதல் வாரம்,
காலுஸில் ஐந்தாம் மாடி வாடகை வீடு.
சன்னலுக்கு வெளியே அவை கீச்சிட்டுக்கொண்டு
வீட்டை வீட்டைச் சுற்றின.
கூடு கட்டும் காலம் தவிர
எங்கும் உட்காராத பறவை,
தூங்குவதும் மேலேதானாம்.
அரைமணி நேரச் சோதனைக்கு ஒரு சர்வர் வேண்டியிருந்தது.
பெயர்ப் பெட்டி காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.
அரைமணி.
சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

உள்ளே நுழைந்து பார்த்தேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று
ஒரு முகவரியைக் கேட்டுக்கொண்டிருந்தது.
அங்கே இருந்தது போய் நாலு வருடம்.
பதில் வராததையெல்லாம்
தேதி, மணி, நொடி போட்டு எழுதி வைத்திருந்தது.
இதற்கு மாதம் நாற்பத்தொரு யூரோ.
போன குளிரில் நான்
ஹீட்டரை ஒரு புள்ளி குறைத்து வைத்து
ஸ்வெட்டரோடு தூங்கினேன்.

பெயர் தவிர அதற்கு இன்னொன்றும் உண்டு:
முப்பத்தாறு எழுத்து நீள அடையாள எண்.
பெயரை நாளைக்கே வேறொன்றுக்குச் சூட்டலாம்.
அந்த எண்ணை இனி எதற்கும் தரமாட்டார்கள்.
ஒருவருக்கும் மனப்பாடமில்லாத
அதுதான் அது.

அழி என்றேன்.
சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்து
எண்ணைக் கேட்கவில்லை,
பெயரைக் கேட்டது.

பட்டியலைப் பார்க்காமலே அடித்தேன்.
நான் வைத்த பெயர் எனக்குத் தெரியாதா?
ழகரத்துக்கு இசட் எச், நம் வழக்கப்படி.
பொருந்தவில்லை.
நெடிலுக்கு ஏ இரண்டு.
பொருந்தவில்லை.
மூன்றாம் முறை விரல் மேலேயே நின்றது.
வெறும் எல்லை அன்று எதற்காகப் போட்டேன்?
இவர்கள் வாயில் வரட்டும் என்றா,
அரைமணிக்கு எந்த ழ போதாது என்றா?
கடைசியில் திரையைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வோர் எழுத்தாக,
யாரோ வைத்த பெயர் போல் காப்பியடித்தேன்.

அழிந்துகொண்டிருக்கிறது என்றது.
அந்த நிமிடத்திலும் ஒருமுறை கேட்டிருக்கும்.
பிறகு நூற்றுப் பதினாறு.

விடியத் தொடங்கியிருந்தது, ஆகஸ்ட் வெளிச்சம்.
வெளியே சத்தமில்லை.
போன வாரமே கிளம்பிப் போயிருக்கும்
ஆப்பிரிக்காவுக்கு.

பட்டியலை மூடுமுன்
அந்தக் கேள்விக்குக் கீழே எழுதினேன்:
எதன் சுருக்கமும் இல்லை.
முழுப்பெயர்.