மூன்று ஆம்பியர்

வட்டத்துக்குள் மேல்நோக்கி ஓர் அம்பு.
பக்கத்தில் மூன்று ஆம்பியர் என்று மட்டும்.
இந்த மூலத்தின் குறுக்கே மின்னழுத்தம் எவ்வளவு?

சிபோனெலோ பூஜ்ஜியம் எழுதினான்.
"வோல்ட் எதுவும் கொடுக்கவில்லையே, தேஷ்னி."

கொடுக்கவில்லை என்பது வேறு
இல்லை என்பது வேறு.

நான் கணுவிலிருந்து ஆரம்பித்தேன்.
வந்ததெல்லாம் போயாக வேண்டும்:
வரவும் செலவும் ஒத்துப்போகிற ஒரே இடம்
என் சமையலறை மேசையில் அந்தப் புள்ளிதான்.
ஒரு கிளையில் நான்கு ஓம்.
மறு கிளையில் இரண்டு ஓம்,
அதற்கும் கீழே பன்னிரண்டு வோல்ட் பாட்டரி.
தெரியாததற்கு வி என்று பெயர் வைத்தேன்.
வியில் கால் பங்கு,
வியில் பன்னிரண்டு போக மிச்சத்தில் பாதி,
இரண்டும் சேர்ந்தால் மூன்று.
பெருக்குவதற்குள் மணி எட்டு.
லோடு ஷெட்டிங்.
சாட்ஸ்வர்த் மேடு முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.
கீழ்த்தெருவில் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை
இழுத்து இழுத்துத் திட்டினார்கள்.

செல்பேசி வெளிச்சத்தில் விடை வந்தது: பன்னிரண்டு.
பாட்டரியும் பன்னிரண்டு.
அப்படியானால் அந்தக் கிளையில் எவ்வளவு ஓடுகிறது?
இரண்டு முறை சரிபார்த்தோம்.
ஒன்றும் ஓடவில்லை.
"உன் பூஜ்ஜியம் இங்கே உட்கார்ந்திருக்கிறது," என்றேன்.
அவன் சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.

இத்தனைக்கும் கைக்கு இது பழைய பாடம்.
பேஹெட் பட்டறையில், மீன்பிடிக் கப்பலின் வயிற்றுக்கடியில்,
வெல்டிங் மெஷினைத் தொண்ணூறு ஆம்பியரில் திருகி வைக்கிறோம்.
திருகுவது ஓட்டத்தை மட்டும்தான்.
அழுத்தம் எவ்வளவு என்று சொல்வது
கம்பி நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே
மணிக்கட்டு விடுகிற இடைவெளி.
நெருக்கினால் இருபது வோல்ட்.
கொஞ்சம் தூக்கினால் இருபத்தாறு, சத்தமே மாறும்.
இன்னும் தூக்கினால்
சீறி, அறுந்து, கண்ணாடிக்குள் கறுப்பு.

போன மாதம் வங்கியில்
கடன் விண்ணப்பத்தைப் புரட்டிய பெண்
"நிலையான சம்பளம். நல்லது" என்று
கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள்.
மாறாத அந்த எண்ணோடு
வாடகை, மகனின் பள்ளி வேன், அம்மாவின் டயாலிசிஸ் நாட்கள்
எந்தக் கிளையில் எப்படித் தொங்குகின்றன என்று
வரைந்து பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டது.
சிபோனெலோ தன் பூஜ்ஜியத்தை அழிக்காமல்
அதன் மேல் ஒரு கோடு போட்டு,
ஒன்று, இரண்டு,
பிறகு மறந்துபோனவன்போல் திரும்பி வந்து
வோல்ட்
என்று எழுதினான்.