சர்க்கரை போடும் நாள்

பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை
கிளிசரினில் நனைக்க வேண்டும் என்பார் பிரபுதாஸ் சார்.
சின்னக் குப்பி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.
அவர் அந்தப் பக்கம் திரும்பியதும்
நான் நாக்கில்தான் வைக்கிறேன்.
கொசப்பேட்டைக்காரிக்கு
இரும்பின் ருசி தெரியும்.

பதினான்கு பந்து, இரண்டு கேன் தண்ணீர்,
கணுக்காலுக்குச் சுற்றும் டேப்,
எவளுக்கு எந்தத் தேதி என்கிற கணக்கு,
புள்ளிவிவரத் தாள்.
அசிஸ்டென்ட் கோச் என்றால் இவ்வளவுதான்.
வியூகம் சாருடையது. விசிலும்.
தோற்றால் மட்டும் ‘நாம’ என்பார்.

காட்பாடியில் எங்கள் கல்லூரி கோர்ட்டுக்குப்
போன வருஷம்தான் நீலம் பூசினார்கள்.
ஏப்ரலில் பதினோரு மணிக்கு மேல்
அந்த நீலம் ஷூவில் ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கள் வளையம்
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டிலிருந்து வந்தது.
கெமிக்கல் டிரம்மின் வாய்க்கட்டு.
அல்தாப்பின் அண்ணன் சைக்கிள் ஹேண்டில்பாரில்
மாட்டிக்கொண்டு வந்தான்.
ரேஷன் கடை ஷட்டருக்கு மேலே
போர்டு தொங்கிய ஆங்கிளில்
கட்டுக்கம்பி போட்டு முறுக்கினோம்.
மழை பெய்தால் அதிலிருந்து
ஒரு மஞ்சள் நாற்றம் இறங்கும்.
ஷட்டர்தான் பலகை.
பந்து பட்டால் தெருவே தடால் என்று எழும்.

கோடு கிடையாது.
சாக்கடை மூடியிலிருந்து
ஜெபமணி டீச்சர் வீட்டுப் படி வரை.
சாக்கடையில் விழுந்தால் போட்டவர் எடுக்கணும்.
ஆட்டோ வந்தால், அது போகும்வரை
பந்து யார் கையில் இருந்ததோ
அவர் கையிலேயே இருக்கணும், சாமி சத்தியமாக.
நான் ஒருத்திதான் பெண்.
எனக்கு யாரும் பாஸ் போட மாட்டார்கள்.
ஷட்டர் போட்டது.
அதன்மேல் எறிவேன், இரண்டு எட்டு,
திரும்பி என் கைக்கே வரும்.
‘கள்ளாட்டம்டி, ஆளுக்குத்தான் போடணும்’
என்று கத்துவான் தணிகைவேல்.
ஆள் எங்கே போட்டான்?

சர்க்கரை போடும் நாளில் ஆட்டம் இல்லை.
ஷட்டர் மேலே சுருண்டுவிடும்.
கோர்ட் முழுக்க வரிசை, பையும் அட்டையுமாக.
அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்
தலைக்கு மேலே பார்த்தபடி.
பின்னால் பலகை இல்லையென்றால்
அது வெறும் டிரம் வாய்.

தணிகைவேல் இப்போது சத்துவாச்சாரியில்
டைல்ஸ் கடை வைத்திருக்கிறான்.
மகளுக்குக் கோச்சிங் கிடைக்குமா என்று கேட்டான்.
பாஸ் கொடுக்கத் தெரியுமா என்றேன்.
சிரித்தான்.
அவனுக்கு நினைவில்லை.

நேற்று வேலூரில் அரையிறுதி.
மூன்றாவது குவார்ட்டர், இரண்டு புள்ளி பின்னால்.
ஒன்பதாம் நம்பர், நஸ்ரின், பேரணாம்பட்டுப் பெண்,
பந்தோடு நிற்கிறாள். இருவர் மறிக்கிறார்கள்.
எங்கள் நால்வரும்
ஆளாளுக்கு ஒருத்தி முதுகுக்குப் பின்னால்.
சார் இரண்டு விரலைக் காட்டுகிறார்,
இரண்டாம் வியூகம், இரண்டாம் வியூகம்.
அவள் பலகையைப் பார்த்தாள்.
எறிந்தாள். இரண்டு எட்டு.
அவள் கைக்கே வந்தது.
அப்புறம் வளையத்துக்குள்.
கண்ணாடிப் பலகை டொக் என்றுதான் சொன்னது.
நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
விதிப்படி அது
தவறிய எறிதல் ஒன்று,
ரீபவுண்ட் ஒன்று,
கூடை ஒன்று.
எழுதினேன்.
தவறியதில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பஸ் பாலாற்றுப் பாலம் ஏறும்போது
சார் தாளைக் கேட்டார்.
‘ஒன்பதுக்கு ஒரு மிஸ் கூட இருக்கே, எப்ப விட்டா?’
‘விட்டா சார்.’
கீழே ஆற்றில், ஸ்டம்ப் நட்டு,
பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நஸ்ரினிடம் எதுவும் கேட்கவில்லை.
எந்தத் தெரு, எந்தச் சுவர்,
எத்தனை பையன்கள்.
கேட்டால் சொல்லிவிடுவாள்.
பின்சீட்டில் முறுக்கை உடைத்து
எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மடியில் பந்துப்பை.
ஒன்றில் காற்று குறைந்திருப்பது
கட்டைவிரலுக்குத் தெரிகிறது.
பம்ப் காலடியில். ஊசி கையில்.
சார் ஜன்னல் பக்கம் திரும்பட்டும்.