கடைசி ரீல்

பீச் ரோடு கொட்டகையில்
டட்லி ஹார்க்னஸ் குதிரையேறினால்
மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளே விசிலடிக்கும்.
ஊமைப்படம்.
சிட்னிக்காரன் என்று யாருக்குத் தெரியும்?

படம் பேசத் தொடங்கியது.
மூக்கால் வந்ததாம் அவன் குரல்.
ஹாலிவுட் கதவைச் சாத்திக்கொண்டது.

தஞ்சோங் பகாரில்
ஊர் திரும்பும் கப்பல் நிலக்கரி ஏற்றிய இரவு
கசங்கிய வெள்ளை சூட்டில் வந்தான்,
பத்துக் காசு டிக்கெட்டோடு.
கிழித்தவன் நான்.
முகம் தெரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

திரையில் அவன் நெஞ்சுக்கு நேரே
துப்பாக்கி உயர்ந்தது.
விளக்கைப் போட்டோம்.
மிச்ச ரீல் பினாங்கு ரயிலில் தொலைந்து
நாலு வருஷம்.

"இங்கே அவன் சாவதில்லையா?"
"இல்லை துரை.
இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை."

மூக்காலேயே சிரித்தான்.
நான் கிழித்து வைத்த பாதியையும்
கேட்டு வாங்கிக்கொண்டு
மழையில் இறங்கினான்.